மைனிங் கம்ப்யூட்டர் விற்பவர் காட்டும் கரண்ட் கணக்கை நம்பாதீர்கள்

"கம்ப்யூட்டரை ஆன் பண்ணி விடுங்க சார், காயின் தானா வரும்" என்று சொல்லி பழைய மைனிங் பெட்டிகளை, அதாவது கணக்குப் போட்டுக் கிரிப்டோ காயின் ஈட்டும் கம்ப்யூட்டர்களை, விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2024 கடைசியில் கோவையில் ஒருவரிடம் வாங்கினேன். உள்ளே இரண்டு ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு. கூடவே ஒரு லாபக் கணக்குத் தாளும் தந்தார்.

வில்லங்கமே அந்தத் தாளில்தான். கரண்ட் யூனிட்டுக்கு 2.35 ரூபாய் என்று போட்டிருந்தார். அப்படி ஒரு விலை அப்போது தமிழ்நாட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டாத வீட்டுக்கு, அதுவும் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு மட்டும். 500-ஐத் தாண்டினால் ஸ்லாபே மாறிவிடும். 1,000-க்கு மேல் யூனிட் விலை 11 ரூபாயைத் தாண்டியது.

இந்தப் பெட்டி இழுப்பது 750 வாட். நாள் முழுக்க ஓடினால் 18 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1,080. எங்கள் வீட்டுச் செலவு வழக்கமாக 380 யூனிட், பில் 1,081 ரூபாய். ரீடிங் எடுத்தபோது 1,460 யூனிட், பில் 12,000 ரூபாய்க்கு மேல்! கிடைத்த ரேவன்காயின் என்ற கிரிப்டோ காயின் மூவாயிரம் ரூபாய்க்குக்கூடத் தேறவில்லை. அறை அனலாகக் கொதித்தது தனிக் கதை.

கேட்டால், "ஏசி போட்டிருப்பீங்க சார்" என்கிறார். எங்கள் வீட்டில் ஏசியே கிடையாது. சரி, திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பில்லில் 'பழைய கம்ப்யூட்டர்' என்றுதான் எழுதியிருக்கிறது, மைனிங்குக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டார்.

இந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்கட்டும். 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் என்ற கிரிப்டோ நெட்வொர்க் மைனிங் முறையையே கைவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகளுக்கு வேலை போனது. பிட்காயினுக்கும் இவை உதவாது. அதற்கென்றே செய்த சிப் கொண்ட தனி ஏசிக் (ASIC) மெஷின்கள் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

அப்புறம் வரி. அதைப் பற்றி அவர் மூச்சே விடவில்லை. கிரிப்டோ லாபத்துக்கு 2022 ஏப்ரலில் இருந்து 30 சதவீதம் வரி. அதில் கரண்ட் செலவைக் கழிக்க முடியாது. ஆக, கையில் நஷ்டம் இருந்தாலும் காயினை விற்றதற்கு வரி உண்டு.

அதே தாள் இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அதே 2.35 ரூபாயோடு. உங்களுக்கு வந்தால், உங்கள் கடைசி ஈபி பில்லில் உள்ள யூனிட்டோடு 1,080-ஐக் கூட்டி, மின்வாரியத் தளத்தில் இருக்கும் பில் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால்.