ஸ்பாம் வடிகட்டும் சேவைக்குப் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

எங்களுடையது சிறிய மொழிபெயர்ப்பு அலுவலகம். அலுவலக மின்னஞ்சலுக்கு ஸ்பாம் வடிகட்டும் சேவை ஒன்றை ஒரு வருட ஒப்பந்தத்தில் வாங்கினோம். மடலில் உள்ள ஒவ்வொரு லிங்க்கின் டொமைனையும், அதாவது தளத்தின் பெயரையும், ஸ்பாம்ஹாஸ் டிபிஎல், எஸ்யூஆர்பிஎல், யூஆர்ஐபிஎல் ஆகிய, மோசமான டொமைன்களைத் தொகுத்து வைக்கும் தடைப்பட்டியல்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார்கள். முறை நல்ல முறைதான். அனுப்புநர் முகவரியைப் பொய்யாகப் போடலாம், சர்வரை மாற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஏமாற்ற நினைப்பவன் நம்மை எங்காவது இழுத்துப் போக வேண்டுமே, அந்த டொமைன் பெரும்பாலும் மடலுக்குள்ளேயே இருக்கும்.

முதல் இரண்டு மாதம் வங்கி பெயரில் வந்த போலி மடல்கள் எல்லாமே உள்ளே வந்தன. புகார் செய்தால், பட்டியல் அப்டேட் ஆக நேரமாகும் என்றார்கள். அப்புறம் மேல் பிளானுக்கு மாறச் சொன்னார்கள். மாறினோம். அன்றோடு ஸ்பாம் நின்றது. சந்தோஷப்பட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு வாடிக்கையாளர் போன் செய்தார். நான்கு மடல் அனுப்பியும் பதில் இல்லையே என்று வருத்தப்பட்டு, வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் மடலில் இருந்தது அவருடைய சொந்தத் தளத்தின் லிங்க் மட்டும்தான். ஸ்பாம் பெட்டியில் தேடினேன், இல்லை. அவருக்கும் எதுவும் திரும்பிப் போகவில்லை. வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழித்திருக்கிறார்கள்.

சர்வர் என்னென்ன செய்தது என்ற பதிவை, அதாவது லாகைக் கேட்டேன். பத்து நாள் இழுத்தடித்த பிறகு கொடுத்தார்கள். டிபிஎல்லிடம் கேட்ட ஒவ்வொரு டொமைனுக்கும் ஒரே பதில்: 127.255.255.254.

இந்தப் பட்டியல்களை டிஎன்எஸ் வழியாகத்தான் கேட்பார்கள். டிஎன்எஸ் என்பது ஒரு பெயரைக் கேட்டால் அதற்குரிய எண்ணைத் தரும் இணைய அமைப்பு. டொமைன் பட்டியலில் இருந்தால் டிபிஎல் 127.0.1.2 போன்ற எண்ணைத் தரும். இல்லையென்றால் அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வரும். 127.255.255.254 இரண்டும் இல்லை. 'யார் வேண்டுமானாலும் பயன்படுத்தும் பொது ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்வியைக் கேட்டுத் தரும் சர்வர்) வழியாகக் கேட்கிறாய், கேட்பது யாரென்று தெரியவில்லை, உனக்குப் பதில் கிடையாது' என்பதே அதன் பொருள். டிபிஎல்லை நடத்தும் ஸ்பாம்ஹாஸ் இலவசமாகப் பதில் சொல்வது குறைந்த அளவில், வணிகமில்லாமல் பயன்படுத்துபவர்களுக்கு மட்டும். வடிகட்டலை விற்பவர்கள் தரவுக்குப் பணம் கட்ட வேண்டும். எங்களிடம் பணம் வாங்கியவர்கள் அதைக் கட்டவில்லை.

முதலில் அந்த மறுப்பைக் கண்டுகொள்ளாமல் எல்லா மடலையும் விட்டிருக்கிறார்கள். பிளான் மாறிய அன்று, என்ன பதில் வந்தாலும் ஸ்பாம் என்று அமைப்பைத் திருப்பிவிட்டார்கள். லிங்க் இருந்த மடலெல்லாம் போயிற்று. இதைத் தெரியாமல் நடந்த தவறு என்று என்னால் ஏற்க முடியவில்லை, இது ஏமாற்று வேலை.

நீங்கள் இப்படி ஒரு சேவை வாங்குவதாக இருந்தால், அவர்களுடைய சர்வரிலிருந்தே இரண்டு பெயர்களைக் கேட்டுக் காட்டச் சொல்லுங்கள். 2010-இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணைய விதி ஆவணத்தின்படி டொமைன் பட்டியலில் 'டெஸ்ட்' என்ற பெயர் இருக்க வேண்டும், 'இன்வேலிட்' இருக்கவே கூடாது. 'இன்வேலிட்'டுக்கு ஏதாவது எண் வந்தால் அந்தச் சர்வர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. சந்தேக மடலை வாசலிலேயே மறுக்கிறார்களா, தனிப்பெட்டியில் வைக்கிறார்களா என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். மறுத்தால் அனுப்பியவருக்காவது தெரியும்.

ஒப்பந்தத்தை முறித்துவிட்டோம், பணம் இன்னும் வரவில்லை. அந்த மூன்று வாரத்தில் எங்களுக்கு எழுதியவர்கள் யார் என்று லாகிலிருந்து ஒவ்வொரு முகவரியாக எடுத்து, மன்னிப்புக் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன்.