லிடியாவின் தொப்பி வெளுத்துப்போன ஏ2 அச்சு

மேரி கசாட் 1880இல் வரைந்த ‘மார்லித் தோட்டத்தில் குரோசே பின்னும் லிடியா’ ஓவியத்தின் ஏ2 அச்சு இது. வவுனியாவில் ஒரு பிறேம் கடையில் அடித்துச் சட்டம் போட்டது. ஏ2வுக்கு இதைவிடப் பொருத்தமான படம் கிடைப்பது கடினம். மூல ஓவியம் 65.6 × 92.6 சென்ரிமீற்றர், ஏ வரிசைத் தாள்களின் விகிதமும் ஏறத்தாழ அதேதான். அதனால் ஓரம் வெட்டுப்படாமல், பாதையோரச் செடிகளின் செம்மை வரை முழுப்படமும் வந்திருக்கிறது.

ஓவியம் இருக்கும் நியூயோர்க் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே கோப்பை இலவசமாக எடுக்கலாம். நீளப்பக்கம் 3500 புள்ளியாவது இருந்தால்தான் ஏ2வில் அங்குலத்துக்கு 150 புள்ளி தேறும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், சுருங்கிவிடும். பென்ரைவில் கொடுங்கள்.

சறுக்கியது நிறத்தில். நீல மேலங்கி ஊதாப் பக்கம் சாய்ந்துவிட்டது. அதைவிட மனதை வருத்துவது அந்த வெள்ளைத் தொப்பி. மூலத்தில் அதன் மடிப்புகளுக்குள் நீலமும் சாம்பலும் ஓடும். அந்த நிழலுக்குக் கீழேதான் முகத்தின் வெளிறல் தெரியும். லிடியா ஓவியரின் அக்கா. இந்தப் படத்துக்கு இரண்டு வருடங்களில் சிறுநீரக நோயால் இறந்தவர். அச்சில் தொப்பி ஒரே வெள்ளைத் திட்டு. அச்சு மென்பொருள் தானாகச் செய்யும் நிறத்திருத்தத்தை நிறுத்தாமல் விட்டால் இப்படித்தான் வரும். அதை நிறுத்தச் சொல்லி, முகமும் தொப்பியும் உள்ள பகுதியை மட்டும் சிறு துண்டில் அடித்துப் பார்த்த பிறகு முழுத்தாளுக்குப் போங்கள். தாள் மினுங்காததாக இருக்கட்டும். மினுங்கும் தாளில் வாசல் வெளிச்சம் விழுந்து லிடியாவையே மறைத்துவிடும்.

சட்ட வேலையில் பெரிய குறை, மவுண்ட் (அச்சுக்கும் கண்ணாடிக்கும் இடையில் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) இல்லாமல் அச்சைக் கண்ணாடியோடு ஒட்ட வைத்தது. மாரியில் ஈரம் உள்ளே போனால் தாள் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிறகு பிரித்தால் மையும் உரிந்து வரும். 2 மில்லிமீற்றர் தடிப்பில், நாற்புறமும் 5 சென்ரிமீற்றர் அகல மவுண்ட் கேளுங்கள். அது அச்சின் ஓரத்தில் 5 மில்லிமீற்றரை மூடும். அந்தளவு இழப்பு பரவாயில்லை. பின்பக்கத்தை ஆணியோடு விடாமல் சுற்றிவர ரேப் ஒட்டிக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் சோளகக் காற்று காலத்தில் செம்புழுதி இடுக்கால் புகுந்து மவுண்டில் கோடு கோடாகப் படியும். அக்ரிலிக் தகடு துடைக்கத் துடைக்கப் புழுதியை இழுக்கும், கண்ணாடிதான் நல்லது. இந்த அளவுக்கு 2 மில்லிமீற்றர் கண்ணாடி மட்டும் ஒன்றேமுக்கால் கிலோ வரும். ஒற்றை ஆணியை நம்பாமல் பிளக் வைத்து இரண்டு திருகாணி போடுங்கள்.

மேற்கு வெயில் விழும் சுவர் வேண்டாம். சட்டத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் துண்டு ஒட்டினால் சுவரின் ஈரம் ஏறாது. அந்த இடுக்கில் பல்லி முட்டையிடும், மாதம் ஒருமுறை கழற்றித் தட்டிவிட்டு மாட்டுங்கள்.