நாற்பது பக்கமும் ஆறு வெற்று நாளும்

ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலமான தவக்காலத்துக்கென்று அச்சிட்ட தியானக் குறிப்பேடு ஒன்றை இந்த முறை கடைசி வரை எழுதி முடித்தேன். நாளுக்கு ஒரு பக்கம். மேலே இரண்டு மூன்று வரி இறைவார்த்தை, நடுவில் ஒரே ஒரு கேள்வி, கீழே எழுத இடம். அடியில் ஜெபம், நோன்பு, தர்மம் என்று மூன்று சின்னக் கட்டங்கள். செய்தால் டிக் போட வேண்டும். குறையும் சொல்லப் போவதால் வெளியிட்டவர்களின் பெயரைச் சொல்லவில்லை.

குறையையே முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கணக்கு வேலை பார்ப்பவள், கண் அங்கேதான் போகும். தவக்காலம் தொடங்குகிற திருநீற்றுப் புதனுக்கு 1 என்று போட்டு, நிற்காமல் எண்ணிக்கொண்டே போயிருக்கிறார்கள். தவக்காலத்தின் 40 நாளில் ஞாயிறு சேராது. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாளான பெரிய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிற்றைக் கழித்தால்தான் 40. கழிக்காமல் எண்ணியதால் 40-ஆம் பக்கம் ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறோடு முடிந்துவிட்டது. அதற்கப்புறம் பின்னட்டை வரை வெற்றுத் தாள்கள். தவக்காலக் குறிப்பேட்டில் புனித வெள்ளிக்குப் பக்கம் இல்லை! அச்சுக்கு அனுப்பும் முன் ஒருவராவது நாள்காட்டியை எடுத்துப் பார்த்திருக்கலாம்.

அட்டையில் வில்லியம் ஹோல்மன் ஹன்ட் 19-ஆம் நூற்றாண்டில் வரைந்த ஓவியம்: இரவில் விளக்கோடு நின்று இயேசு கதவைத் தட்டுகிறார். வெளிப்பக்கம் கைப்பிடி இல்லை, உள்ளே இருப்பவர்தான் திறக்க வேண்டும் என்று எத்தனையோ தியானங்களில் கேட்டாயிற்று. நான் பார்த்துக்கொண்டிருந்தது கதவை மூடி வளர்ந்திருக்கும் களைச்செடிகளை. அது நேற்று பூட்டிய கதவில்லை. முதல் பக்கத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார்கள். 'கதவருகில் நின்று தட்டுகிறேன்' என்ற, விவிலியத்தின் கடைசி நூலான திருவெளிப்பாட்டின் வசனம், இயேசுவை அறியாதவர்களுக்குச் சொன்னதல்ல. 'எனக்கு ஒரு குறையும் இல்லை' என்று திருப்தியாக இருந்த லவோதிக்கேயா சபைக்குச் சொன்னது. வாராவாரம் கோவிலுக்குப் போகிற எனக்கு அது சுருக்கென்று தைத்தது. இந்த ஒரு பத்திக்காகவே வாங்கலாம்.

அந்த மூன்று கட்டங்கள்தான் எனக்குப் பிடிக்கவில்லை. திருநீற்றுப் புதனன்று வாசிக்கிற மத்தேயு 6-ஆம் அதிகாரத்தில், வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்கிறார் ஆண்டவர். அதே வசனத்தை மேலே அச்சிட்டுவிட்டு, அடியில் டிக் போடச் சொன்னால் எப்படி? என்னைப் போன்றவர்களுக்கு இது ஆபத்து. பதினெட்டு நாள் ஒரு கட்டம் விடாமல் டிக் போட்டேன். பக்கங்களைத் திருப்பிப் பார்க்கும்போது தணிக்கை முடிந்த பேரேடு மாதிரி அவ்வளவு திருப்தி. எழுத வேண்டிய இடத்தில் மட்டும் 'நன்று', 'சிந்திக்க வேண்டும்' என்று ஒற்றை வரிகள்.

19-ஆம் பக்கம் மூன்றாம் ஞாயிறு. கிணற்றடியில் சமாரியப் பெண். 'உன் கணவரைக் கூட்டிக்கொண்டு வா' என்று அவளுடைய சொந்த வாழ்க்கையை இயேசு தொட்டதும், எந்த மலையில் வழிபடுவது சரி என்று அவள் பேச்சை வேறு பக்கம் திருப்புகிறாள். கீழே கேள்வி: 'ஆண்டவர் எதைக் கேட்கும்போது நீங்கள் பேச்சை மாற்றுகிறீர்கள்?'

பேனாவை மூடி வைத்துவிட்டேன். அம்மாவை அடக்கம் செய்த அன்று நானும் தங்கையும் பேசிய பேச்சு அப்படி. மூன்று வருடமாகக் குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன், ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி. அவள் பெயர் வரும் இடத்தில் 'மற்ற எல்லாரும்' என்று சொல்லிக் கடந்துவிடுவேன். இதுவரை போட்ட டிக் எல்லாமே என் மலைப் பேச்சுதான் என்று அன்றைக்குப் புரிந்தது. மறுநாள் அவள் பெயரை எழுதினேன். வேறொன்றும் எழுத வரவில்லை. கட்டங்களை அன்றோடு விட்டேன். அந்த வாரமே குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போனேன். அது இங்கே எழுதுகிற விஷயமில்லை.

அப்புறம் வந்த பக்கங்கள் சுமார்தான். அடுத்த இரண்டு ஞாயிறுகளில் வந்த, இயேசு பார்வை கொடுத்த பிறவிக் குருடர், உயிர்ப்பித்த இலாசர் இருவரையும் பற்றிக் கேட்ட கேள்விகள் வினாத்தாள் மாதிரி இருந்தன. தாள் மெலிசு, பேனா மை மறுபக்கம் தெரிகிறது, பென்சில் நல்லது. தையல் உறுதி, நன்றாக விரித்து வைக்க முடிகிறது.

திட்டிக்கொண்டேதான் குருத்து ஞாயிறுக்கு அடுத்து வரும் புனித வாரத்துக்குள் போனேன். அந்த வெற்றுத் தாள்களில் கேள்வி இல்லை, கட்டம் இல்லை, மேலே வசனம்கூட இல்லை. திங்களும் செவ்வாயும் சும்மா உட்கார்ந்திருந்தேன். புதனன்று, 'ஆண்டவரே, எனக்கு அவள்மேல் இன்னும் கோபம்தான்' என்று எழுதினேன். மூன்று வருடத்தில் அவரிடம் நான் சொன்ன முதல் உண்மை அதுதான் என்று நினைக்கிறேன். எழுதியதும் அழுகை வந்தது, நிற்கவில்லை. பெரிய வியாழன் மாலை தங்கைக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை. சனிக்கிழமை அவளே கூப்பிட்டாள். பேசியது நான்கு நிமிடம், பாதி நேரம் இரண்டு பேரும் சும்மா இருந்தோம்.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். வெளியிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பதிப்பில் எண்ணிக்கையைச் சரிசெய்யுங்கள், கட்டங்களை எடுத்துவிடுங்கள். புனித வாரத்துக்குப் பக்கம் சேர்த்தால், கிழமையை மட்டும் போட்டு மீதியை வெறுமையாகவே விடுங்கள்.