காப்புரிமையா, வணிக ரகசியமா?

செய்முறையைக் காக்கக் காப்புரிமை (பேடன்ட், அதாவது புதுக் கண்டுபிடிப்புக்கு அரசு தரும் தனியுரிமை) வாங்குவதா, வெளியே சொல்லாமல் வணிக ரகசியமாகவே வைத்துக்கொள்வதா? மசாலாப் பொடி, ஊறுகாய் என்று தொழில் செய்பவர்கள் பலர் குழம்பும் கேள்வி இது.

செலவு: காப்புரிமைக்கு விண்ணப்பக் கட்டணம், வழக்கறிஞர், அப்புறம் ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம். ரகசியத்துக்குப் பதிவே இல்லை. பூட்டும் ஒப்பந்தமும்தான் செலவு.

காலம்: காப்புரிமை 20 ஆண்டுகள். ரகசியம் வெளியே கசியாதவரை. கோகோ கோலா தன் செய்முறைக்குக் காப்புரிமை வாங்காமல் இன்றுவரை ரகசியமாகவே வைத்திருக்கிறது.

வெளிப்படுத்தல்: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். காப்புரிமை கேட்டால் செய்முறையை முழுதாக எழுதித் தரவேண்டும், பொதுவாக 18 மாதத்தில் அது எல்லோரும் படிக்கும்படி வெளியாகிவிடும், காப்புரிமை கடைசியில் மறுக்கப்பட்டாலும் வெளியானது வெளியானதுதான். வெறும் கலவைகளுக்கும் பாரம்பரிய அறிவுக்கும் இந்தியச் சட்டம் காப்புரிமை தருவதில்லை என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பலவீனம்: போட்டியாளர் பொடியை வாங்கி ஆராய்ந்து, தானே கண்டுபிடித்தால் ரகசியம் காக்காது, காப்புரிமை காக்கும். விலகும் ஊழியரைப் போட்டி நிறுவனத்தில் சேராதே என்று தடுப்பதும் நம் ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி செல்லாது, ஆனால் ரகசியத்தைச் சொல்லாதே என்று கட்டுப்படுத்தலாம். அந்த ஒப்பந்தத்தை வேலையில் சேரும் நாளிலேயே தயவுசெய்து எழுதி வாங்குங்கள்.

சரி, எதை எடுப்பது? பிரித்துப் பார்த்தாலே புரிந்துவிடும் புது இயந்திரம் என்றால் காப்புரிமை. வறுக்கும் பக்குவம், கலவை விகிதம், வாடிக்கையாளர் பட்டியல் என்றால் ரகசியம்.