யு-2 விமானமா, கொரோனா செயற்கைக்கோளா?

சோவியத் ஏவுகணைகளை எண்ண 1960-இல் அமெரிக்கா கையில் இருந்த இரண்டு உளவுக் கண்கள் இவை.

உயரம்: யு-2 சுமார் 21 கி.மீ.; கொரோனா 160 கி.மீ.க்கும் மேலே.

தெளிவு: யு-2 படத்தில் ஒரு மீட்டருக்கும் குறைந்த பொருள்கூடத் தெரியும். கொரோனாவின் முதல் கேமராவுக்கு 12 மீட்டர் வேண்டும். பிற்பாடு 2 மீட்டருக்கு வந்தது.

ஆபத்து: 1960 மே 1 அன்று சோவியத் நகரமான ஸ்வெர்த்லோவ்ஸ்க் அருகே எஸ்-75 விமான எதிர்ப்பு ஏவுகணை யு-2-ஐ வீழ்த்தியது, விமானி பவர்ஸ் உயிரோடு சிக்கினார். கொரோனாவில் சிக்க ஆளே இல்லை.

கோளாறு என்று பார்த்தால் கொரோனாவுக்குத்தான் பட்டியல் நீளம். முதல் 12 ஏவல்களில் ஒன்றுகூடப் படச்சுருளைத் திருப்பித் தரவில்லை. அசிடேட் ஃபிலிம் வெற்றிடத்தில் நொறுங்கியது. பாலியெஸ்டருக்கு மாறிய பிறகே தாக்குப்பிடித்தது. ஃபிலிமை நகர்த்தும் உருளைகளில் உண்டான நிலைமின்சாரம் படத்தில் வெண்கீற்று போட்டது. சுருள் இருக்கும் கலம் பாராசூட்டில் இறங்கும்போது, ஹவாய் அருகே சி-119 விமானம் கொக்கி போட்டு நடுவானில் பிடிக்க வேண்டும். தப்பிக் கடலில் விழுந்தால் உப்பால் ஆன அடைப்பான் கரைந்து கலம் மூழ்கிவிடும், எதிரி கையில் கிடைக்காதபடி. 1960 ஆகஸ்ட் 19 அன்று முதல் சுருள் பிடிபட்டது. அந்த ஒன்றே, அதுவரையிலான யு-2 பறத்தல்கள் அனைத்தையும்விட அதிக சோவியத் நிலப்பரப்பைக் காட்டியது. பவர்ஸுக்கு மாஸ்கோவில் தண்டனை விதித்ததும் அதே நாள்தான்!

நாடு முழுக்கத் தேட வேண்டுமா? கொரோனா. குறிப்பிட்ட இடத்தை உடனே, நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமா? யு-2தான். 1962 அக்டோபர் 14 அன்று கியூபா ஏவுகணைகளைப் படம்பிடித்தது அதுவே.