தலையாட்டினால் 24 வெள்ளி

போன சனிக்கிழமை சிங்கப்பூர் தஞ்சோங் பகார் பக்கம் ஒரு ஜப்பானிய ஹேண்ட் ரோல் பாரில் 155 வெள்ளி 87 காசு கொடுத்துவிட்டு அரை வயிற்றோடு எழுந்து வந்தேன். கடைப் பெயரைப் போடவில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன், இந்த மாதிரி இடத்தில் உட்காருமுன் உஷாராக இருந்துகொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து மச்சான் வந்திருந்தான். அங்கே கிடைக்காத எதையாவது சாப்பிட வேண்டும் என்றான். வாசல் பலகையில் ‘5 ரோல் செட் 38 வெள்ளி’ என்று இருந்தது, இரண்டு பேருக்கு 76. பக்கத்தில் இருந்த ++ குறியையும் பார்த்தேன். 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 சதவீதம் ஜிஎஸ்டி. மனக்கணக்கில் 91 வெள்ளி வந்தது. சரி, ஒரு நாள்தானே.

போகாதவர்களுக்காகச் சொல்கிறேன்: இங்கே மேசை கிடையாது. நீளமான கவுண்டர், உயர நாற்காலி. எதிரே நிற்பவர் நோரி என்ற கடற்பாசித் தாளில் இளஞ்சூடான சோற்றையும் மீனையும் வைத்துச் சுருட்டி, ஒவ்வொன்றாக நீட்டுவார். வாங்கின கையோடு கடித்துவிட வேண்டும். சோற்றின் ஈரம் ஏறுவதற்குள் நோரி மொறுமொறுவென்று உடைகிறதே, அதற்குத்தான் அத்தனை காசும்.

எங்கள் எதிரே நின்றவரோ டெலிவரி ஆர்டரையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எட்டு ரோலைச் சுருட்டி ட்ரேயில் அடுக்கினார். அதில் நாலு ரோல் டெலிவரி பைக்குள் போனது. மிச்சம் நாலு எங்களுக்கு, அதுவும் அவர் ஃபோனில் பேசி முடித்த பிறகு. மச்சான் கடித்து இழுத்தான், தாள் ரப்பர் மாதிரி நீண்டதே தவிர அறுபடவில்லை. “அத்தான், நமத்த அப்பளத்துல சோத்த மடிச்சுக் குடுத்த மாதிரி இருக்கு” என்றான்.

அடுத்தது நண்டு ரோல். பிரித்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது நூல் நூலாக உரியும் வெள்ளைத் துண்டு, ஓரத்தில் சிவப்புச் சாயம். ஸ்டீம்போட்டில், அதாவது மேசையிலேயே கொதிக்கும் சூப்பில் போடுவோமே, அந்த நண்டுக் குச்சி! வெள்ளை மீனை அரைத்து மாவு சேர்த்துச் செய்வது. அதைச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, ஆனால் மெனுவில் ‘பனி நண்டு’ என்று போட்டிருந்தார்கள்.

நடுவில் அவர் சிரித்த முகத்தோடு, “இன்று ஊனி நன்றாக இருக்கிறது, தரட்டுமா?” என்று கேட்டார். ஊனி என்றால் கடல் முள்ளெலியின் உள்ளே இருக்கும் மஞ்சள் பகுதி. செட்டில் ஏதோ மாற்றித் தருகிறார் போல என்று நினைத்துத் தலையாட்டினேன். எதிரே நின்று முகத்தைப் பார்த்துக் கேட்கிறவரிடம் “என்ன விலை?” என்று கேட்க நமக்கு வாய் வராது பாருங்கள், அங்கேதான் மாட்டினேன். புத்தம்புது ஊனி லேசாக இனிக்கும். இது கொழகொழத்துக் கசந்தது.

பில் வந்தது. ஊனி இரண்டு, 48. கேட்காமலே முன்னால் வைத்த அவித்த சோயாக்காய் இரண்டு கிண்ணம், 8. டீ 6. எல்லாம் சேர்ந்து 138, அதன்மேல் ++ ஏறி 165 வெள்ளி 46 காசு.

மேலாளரைக் கூப்பிட்டேன். நண்டைப் பற்றிக் கேட்டதற்கு “சப்ளையர் அப்படித்தான் அனுப்புகிறார்” என்றார். ஊனிக்கு, “சாப்பிட்டுவிட்டீர்களே சார்.” சோயாக்காயை மட்டும் பில்லிலிருந்து எடுத்தார்கள். அதுவும் ஒரு கிண்ணத்தை நாங்கள் தொடவே இல்லை என்று காட்டிய பிறகு. அப்படித்தான் 155 வெள்ளி 87 காசு ஆனது.

++ போடுவதில் சட்டப்படி தப்பில்லை. மற்ற கடைகள் வரி சேர்த்த விலையைத்தான் காட்ட வேண்டும். சேவைக் கட்டணம் வாங்கும் உணவகங்களுக்கு அதில் விலக்கு உண்டு. என் கோபம் அந்த நண்டு மேலேயும், விலை சொல்லாமல் நீட்டிய ஊனி மேலேயும்தான். இனிமேல் கவுண்டரில் யார் எதை நீட்டினாலும் “இது செட்டில் சேர்ந்ததா?” என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டுவேன். ட்ரேயில் ரோல் அடுக்கி வைத்திருந்தால் உட்காரவே மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பில்லையும் நண்டுப் படத்தையும் மின்னஞ்சலில் அனுப்பினேன். நேற்று பதில் வந்தது: வருத்தம் தெரிவித்து 10 வெள்ளி வவுச்சர். வார நாளில் மட்டும் செல்லும், குறைந்தது 80 வெள்ளிக்குச் சாப்பிட வேண்டுமாம், ++ தனி.