முடிவு தெரிந்த பிறகும் படிக்க முடிகிற நாவல்கள்

காதல் கதை என்றால் கடைசியில் சேர்ந்துவிடுவார்கள். துப்பறியும் கதை என்றால் கொலையாளி பிடிபடுவான். ஃபேன்டஸி என்றால் உலகம் எப்படியாவது பிழைத்துக்கொள்ளும். மூன்றிலும் முடிவு ஏறத்தாழ முதலிலேயே தெரிந்துவிடுகிறதே, அப்புறம் எதற்குப் படிக்க வேண்டும் என்று இந்த வகை நாவல்கள் பக்கம் வராதவர்கள் கேட்பதுண்டு. கொஞ்ச காலமாக இந்த மூன்றையும் மாற்றி மாற்றிப் படித்துவருகிறேன். பிடித்தவற்றைச் சில மாதம் ஆறப்போட்டு மறுபடியும் எடுத்தேன், ஏனென்றால் முதல் வாசிப்பின் வேகத்தில் எல்லாமே நன்றாக இருப்பதுபோலத் தெரியும். கதை என்ன ஆகும் என்பது முழுக்கத் தெரிந்த நிலையில் படிக்கும்போதுதான் எழுதியவர் நம்மை எப்படி நடத்தியிருக்கிறார் என்பது புரிகிறது. அப்படித் தேறியவற்றையும் தேறாதவற்றையும் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். கொலையாளி யார் என்பதை எந்தப் புத்தகத்துக்கும் சொல்லப்போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதலில் காதல். இப்போது வருகிற பல காதல் நாவல்களில் எனக்குள்ள பெரிய மனக்குறை, காதலர்களுக்கு நடுவில் இருக்கும் தடை. இருவரும் முதல் அத்தியாயத்திலேயே சேர்ந்துவிட்டால் கதை இல்லை, அதனால் ஏதோ ஒன்று குறுக்கே நிற்க வேண்டும், அது சரி. ஆனால் அந்த ஒன்று, உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசினால் தீர்ந்துவிடுகிற தவறான புரிதலாக இருந்தால் நூறு பக்கத்தை எப்படித் தாங்குவது? அவன் தன் அக்காவைக் கட்டிப்பிடித்து வழியனுப்புவதை இவள் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, யார் என்று கேட்காமலே போய்விடுகிறாள், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் அழுகிறார்கள். முதல் தடவை எரிச்சலோடாவது படித்துவிடலாம். இரண்டாவது தடவை அந்தப் பகுதியை அப்படியே தள்ளிவிட்டுப் போகத்தான் தோன்றும். எதிரிகளாக ஆரம்பித்துக் காதலர்களாக முடிகிற கதைகளிலும் இதே சிக்கல்தான், பகைக்கு உருப்படியான காரணம் இருந்தால் ஒழிய அது கரைகிற இடத்தில் எனக்கு எதுவும் ஆவதில்லை.

இதையெல்லாம் படித்துச் சலித்த நேரத்தில் ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்' எடுத்தேன். அவர் 1817 ஜூலையில் இறந்த பிறகு, அந்த ஆண்டுக் கடைசியில் வெளிவந்த நாவல். ஆன் எலியட்டுக்கு 27 வயது. பத்தொன்பது வயதில் ஃபிரெடெரிக் வென்ட்வொர்த் என்ற கடற்படைக்காரனை மணப்பதாக ஒப்புக்கொண்டு, கையில் காசில்லாதவன், எதிர்காலம் தெரியாதவன் என்று தாய் இடத்தில் இருந்த ஒரு பெரியவர் எடுத்துச் சொன்னதைக் கேட்டு முறித்துக்கொண்டவள். எட்டு ஆண்டு கழித்து அவன் கேப்டனாக, பணக்காரனாகத் திரும்பி வந்து அவள் இருக்கும் அதே கூடத்தில் உட்கார்ந்திருக்கிறான். இங்கே தவறான புரிதலே கிடையாது. என்ன நடந்தது என்று இருவருக்கும் நன்றாகத் தெரியும். அவள் விட்டுக்கொடுத்தாள், அவனுக்கு அது வலித்தது. தடை என்றால் இப்படி இருக்க வேண்டும், பேசினால் தீராது, பேசவே முடியாது.

இந்த நாவலில் காதல் வசனம் என்று பார்த்தால் மிகக் குறைவு. எல்லோரும் நீண்ட நடை போய்விட்டுத் திரும்பும்போது, ஆன் களைத்திருக்கிறாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை, அவன் மட்டும் கவனிக்கிறான். வழியில் குதிரை வண்டியில் வருகிற தன் அக்காவிடம் ஏதோ சொல்லி, ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைத் தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிடுகிறான். அவ்வளவுதான். அவன் இன்னும் மன்னிக்கவில்லை, ஆனால் அவள் சிரமப்படுவதையும் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை என்று அந்த ஒரு செயலிலிருந்து ஆன் புரிந்துகொள்கிறாள். முதல் தடவை நான் இந்த இடத்தை வேகமாகக் கடந்து போயிருந்தேன், மறுவாசிப்பில் புத்தகத்தின் மையமே இதுதான் என்று பட்டது.

இன்னொன்று. ஆஸ்டின் இந்த நாவலை முதலில் வேறு மாதிரி முடித்திருந்தார். அந்தக் கைவிட்ட அத்தியாயங்களின் கையெழுத்துப் பிரதி இன்றும் இருக்கிறது, அதில் இருவரும் ஒரு வீட்டில் தனியாகச் சந்திக்க நேர்ந்து சட்டென்று சமாதானமாகிவிடுகிறார்கள். பிறகு அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். இப்போது நாம் படிப்பது அந்த இரண்டாவது வடிவம். ஆண்கள் நீண்ட நாள் நேசிக்கிறார்களா பெண்களா என்று ஆன் வேறொருவரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறாள், அதே அறையில் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிற வென்ட்வொர்த் காதில் அது விழுகிறது, அவன் பேனா நிற்கிறது, அப்புறம் அவளுக்கே ஒரு கடிதம் எழுத ஆரம்பிக்கிறான். முதல் வடிவத்தில் சூழ்நிலை அவர்களைச் சேர்த்துவைத்தது. இதில் அவள் தன் குரலில் தன் பக்கத்தைச் சொல்லிவிட்ட பிறகுதான் எல்லாம் நடக்கிறது. எட்டு ஆண்டு பேசாமல் இருந்த ஒருத்திக்கு இதைவிட நியாயமான முடிவு கிடையாது என்று உறுதியாக நினைக்கிறேன்.

டாஃப்னே டு மோரியேயின் 'ரெபெக்கா'வையும் (1938) காதல் கதை என்றுதான் பலர் கையில் கொடுக்கிறார்கள். எனக்கு அது பயத்தைப் பற்றிய கதை. கதை சொல்கிற பெண்ணுக்குக் கடைசிவரை பெயரே சொல்லப்படவில்லை, இறந்துபோன முதல் மனைவியின் பெயரோ பக்கத்துக்குப் பக்கம். கதை நடக்கிற அந்தப் பெரிய வீடு இனி இல்லை என்பதை முதல் அத்தியாயமே சொல்லிவிடுகிறது, இருந்தும் கீழே வைக்க முடியவில்லை. நாயகனை மட்டும் என்னால் எந்தத் தடவையும் விரும்ப முடியவில்லை. அவனை ரசிக்கச் சொல்கிற அட்டைப்படங்களை இன்னும் விரும்பவில்லை.

சரி, துப்பறியும் கதைகள். 1929-இல் ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், பத்துக் கட்டளைகள் எழுதிவைத்தார். கண்டுபிடித்த துப்பை வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது, தற்செயலோ உள்ளுணர்வோ துப்பறிவாளரைக் காப்பாற்றக் கூடாது, ஒரு கதைக்கு ஒரு ரகசிய வழிக்கு மேல் வேண்டாம் என்று போகும். பழைய பட்டியல்தான், சில இன்று பொருந்தாதவை, ஆனால் துப்பை மறைக்காதே என்பது இன்றைக்கும் அப்படியே நிற்கிறது. அண்மையில் படித்த ஒரு த்ரில்லரில் (பெயர் வேண்டாம்) கதாநாயகி ஒரு புகைப்படத்தைப் பார்த்து அதிர்ந்துபோகிறாள், அத்தியாயம் முடிகிறது, அதில் என்ன இருந்தது என்று நமக்குச் சொல்வது எண்பது பக்கம் கழித்து. அவள் கண் வழியாகத்தானே நாம் பார்த்துக்கொண்டிருந்தோம்? இது மர்மம் ஆகாது, கதவைச் சாத்திக்கொள்வது.

அகதா கிறிஸ்டியின் 'தி மர்டர் ஆஃப் ரோஜர் ஆக்ராய்ட்' (1926) இதற்கு நேர் எதிர். முடிவைக் கேள்விப்படாமல் படிக்கக் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். வெளிவந்தபோதே இது நியாயமா என்று சண்டை நடந்த புத்தகம், எனக்கும் முதல் தடவை ஏமாற்றப்பட்டதுபோல ஒரு கோபம் இருந்தது. பென்சிலோடு உட்கார்ந்து இரண்டாவது தடவை படித்தேன். பொய் என்று சொல்லத்தக்க ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. எல்லாம் முன்னாலேயே வைக்கப்பட்டிருக்கிறது, நகர்த்திப்போட்ட ஒரு நாற்காலிவரை. நடுநடுவே இருக்கிற வெற்றிடங்களை நிரப்பிக்கொண்டது நாம்தான். எட்மண்ட் வில்சன் என்ற விமர்சகர், ரோஜர் ஆக்ராய்டை யார் கொன்றால் யாருக்கு என்ன என்ற பொருளில் தலைப்பு வைத்து 1945-இல் துப்பறியும் கதைகளையே மொத்தமாகச் சாடி ஒரு கட்டுரை எழுதினார். யார் கொன்றது என்பதற்காக மட்டும் படித்தால் அவர் சொல்வது சரிதான். ஆனால் கொன்றவர் யார் என்று தெரிந்துகொண்டு படிக்கும்போது இந்த நாவல் கூடுதலாக நன்றாக இருக்கிறதே, அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கெய்கோ ஹிகாஷினோவின் 'தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்' இன்னும் துணிச்சலானது. ஜப்பானில் 2005-இல் வந்து நவோகி பரிசு வாங்கிய நாவல். யார் கொன்றது, யாரை, எதனால் என்று எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே காட்டிவிடுகிறார். தொல்லை கொடுக்க வந்த முன்னாள் கணவன் யசுகோவின் வீட்டில் சாகிறான், பக்கத்து வீட்டுக் கணித ஆசிரியர் இஷிகாமி உதவிக்கு வருகிறார். அப்புறம் என்ன மர்மம் மிச்சம் என்று நினைத்துக்கொண்டே கடைசிவரை போனேன். தான் வைக்கிற தேர்வுக் கேள்வி வடிவகணிதம்போலத் தெரியும், உண்மையில் வேறு பாடம் என்று இஷிகாமி ஓரிடத்தில் சொல்கிறார். அந்த இடத்தில் நின்று யோசித்திருந்தால் பாதி விஷயம் பிடிபட்டிருக்கும், யாரும் நிற்பதில்லை என்று எழுத்தாளருக்குத் தெரியும். குறையும் உண்டு. யசுகோ சரியாக உருவாகவில்லை, அவளுக்காக இவ்வளவு நடக்கிறது, அவளுக்கு என்ன வேண்டும் என்று கதையில் யாருமே கேட்பதில்லை. கேட்காமல் செய்யப்படும் தியாகத்தைக் காதல் என்று சொல்லலாமா என்று முடித்த பிறகும் நீண்ட நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் படித்த பல காதல் நாவல்கள் இந்தக் கேள்வியின் பக்கம்கூடப் போகவில்லை.

எதில் படிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு நாளில் அதில் ஒரு தெளிவு வந்திருக்கிறது. துப்பறியும் நாவலை அச்சில்தான் படிக்க வேண்டும், எங்கேயோ பார்த்தோமே என்று விரலை நடுவில் வைத்துப் பின்னால் புரட்டுகிற வேலை போனில் நடக்காது. ஒலிப்புத்தகத்தில் சுத்தமாக நடக்காது. 'பெர்சுவேஷன்' கேட்பதற்கு அருமை. ஃபேன்டஸிக்கு முன்பக்கம் வரைபடம் இருந்தால் அச்சு அல்லது பெரிய திரை, போனில் அந்தத் தீவுகள் எல்லாம் கடுகாகத் தெரியும்.

ஃபேன்டஸியில் நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: மந்திரத்துக்கு விலை உண்டா? கையை நீட்டினால் நெருப்பு வரும், கண்ணை மூடினால் காயம் ஆறும் என்று எதுவும் செலவாகாமல் நடந்தால், ஆபத்து என்று எழுத்தாளர் சொல்கிற எதையும் நான் நம்புவதில்லை. காதலும் ஃபேன்டஸியும் கலந்து இப்போது குவிகிறவற்றில் எனக்கு ஒட்டாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அவளிடம் எல்லையற்ற சக்தி, அவனிடம் ஐந்நூறு வயதும் கோபமும், யாருக்கும் எதுவும் குறைவதில்லை.

அர்சுலா லெ க்வினின் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' (1968) சின்னப் புத்தகம். கெட் என்ற மலைநாட்டுச் சிறுவன் தன் குரு ஓகியனோடு மழையில் நனைந்துகொண்டே நடக்கிறான். மந்திரவாதியாக இருந்துகொண்டு இந்த மழையை விலக்க மாட்டாரா என்று அவனுக்குப் புரியவில்லை, அவர் பேசாமல் மரத்தடியில் படுத்துக்கொள்கிறார். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோர் இடம் காயலாம் என்பது பின்னால்தான் அவனுக்குச் சொல்லப்படுகிறது. அவன் கேட்கவில்லை. கர்வத்தில், சக மாணவனிடம் தன்னைக் காட்டிக்கொள்ள, செய்யக் கூடாத ஒன்றைச் செய்து ஒரு நிழலை உலகத்துக்குள் விட்டுவிடுகிறான், அது நுழைந்த பிளவை மூடுவதற்குத் தலைமை மந்திரவாதி தன் உயிரைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. மிச்சக் கதை முழுக்க அந்த நிழலிடமிருந்து ஓடுவதும், பிறகு திரும்பி அதைத் துரத்துவதும்தான். போர் இல்லை, படை இல்லை, சிம்மாசனம் இல்லை. ஒரு பையன் தான் செய்ததை ஏற்றுக்கொள்வதற்கு ஒரு கடல் முழுவதும் தேவைப்படுகிறது. அடுத்த நாவலான 'தி டூம்ஸ் ஆஃப் ஆட்டுவான்' இதைவிடப் பிடித்தது: சிறு வயதிலேயே கொண்டுவரப்பட்டு, பெயர் பறிக்கப்பட்டு, விளக்கே ஏற்றக் கூடாத நிலவறைக்குப் பூசாரியாக ஆக்கப்பட்ட டெனார் என்ற பெண்ணின் கதை. கெட் நடுவில்தான் வருகிறான். முன்னால் அவளும் இருட்டும் மட்டும் இருக்கிற பக்கங்களை மெதுவாக இருக்கிறது என்று தாண்டிவிடாதீர்கள், அவள் வெளியே வருவதன் மதிப்பே அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

கடைசியாக சுசானா கிளார்க்கின் 'பிரனேசி' (2020). முதல் நாவல் 'ஜொனாதன் ஸ்ட்ரேஞ்ச் அண்ட் மிஸ்டர் நாரெல்' 2004-இல் வந்தது, அடிக்குறிப்புகளோடு தலையணை கனத்துக்கு. அதற்குப் பிறகு நீண்ட நாள் உடல்நலக் குறைவு, 16 ஆண்டு கழித்து இந்த மெல்லிய நாவல், அடுத்த ஆண்டே பெண்கள் புனைகதைப் பரிசு கிடைத்தது. முடிவில்லாமல் நீளும் மண்டபங்கள், ஆயிரக்கணக்கில் சிலைகள், கீழ்த்தளத்தில் கடல், அலை எப்போது ஏறும் என்று கணக்கு வைத்துக்கொண்டு மீன் பிடித்து வாழ்கிற ஒருவன். அவனுக்கு அந்த வீடுதான் உலகம், அது தன்னைக் கவனித்துக்கொள்கிறது என்று நன்றியோடு இருக்கிறான். இது ஃபேன்டஸியா துப்பறியும் கதையா என்று கேட்டால் இரண்டும் சரிசமம். துப்பறிவது அவனே, தன் சொந்தக் குறிப்பேடுகளை வைத்துக்கொண்டு. விடை அவனுக்கு முன்னாலேயே நமக்குத் தெரிந்துவிடும், அவனுக்குத் தெரிய வேண்டுமா வேண்டாமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியலில் ஒன்றே ஒன்றுதான் படிக்க நேரம் என்றால் இதை எடுங்கள். முதல் சில பக்கம் ஒன்றும் புரியாது, பரவாயில்லை, பெரிய எழுத்தில் தொடங்கும் சொற்களைப் பார்த்து மிரளாமல் போய்க்கொண்டே இருங்கள். பின்னட்டையைப் படிக்க வேண்டாம், அவன் ஆண்டுகளுக்கு எப்படிப் பெயர் வைக்கிறான் என்பதை மட்டும் கவனித்துக்கொண்டே வாருங்கள்.